மேல்துணி முடிந்த பிறகு: சொந்தக் கட்டிலுக்கான ஒட்டுத்துணிப் போர்வையை நிறைவு செய்வது எப்படி?

துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய மேல்துணி ஒன்றைத் தைத்து முடித்த பலர், அதை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் வெளியே எடுப்பதில்லை. இதற்குச் சோம்பல் காரணம் அன்று. துண்டுகளை இணைக்கும் வேலையை மடியில் வைத்துக்கொண்டு, உலை கொதிக்கும் நேரத்தில்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிடலாம். அடுத்து வரும் வேலைக்கோ ஓர் அறையின் தரை முழுவதும் வேண்டும், ஒரு முழு நாள் வேண்டும், இரண்டு கிலோவுக்குக் குறையாத துணியை ஊசிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே இருக்கும் பொறுமையும் வேண்டும். குயில்ட் என்று இன்று பரவலாக அழைக்கப்படும், மேல்துணி, நடுவிரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்குகள் கொண்ட இந்தப் போர்வையில், மேல்துணி தைப்பது ஒரு கலை என்றால், அதை நிறைவு செய்வது முற்றிலும் வேறொரு கைத்தொழில். முதல் முறையாக அதில் இறங்குவோருக்காக, இரண்டு பேர் படுக்கும் கட்டில் ஒன்றையே எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் இங்கே விளக்குகிறேன்.

கட்டிலை அளந்த பிறகே கணக்கு

அளவு அட்டவணைகளை நம்பாமல், இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டிலுக்கே செல்லுங்கள். நம் ஊர் மெத்தைகள் ஒரே அளவில் வருவதில்லை. நீளம் 72, 75, 78 அங்குலம் எனவும் அகலம் 48, 60, 72 அங்குலம் எனவும் பலவாறாக உள்ளன. மெத்தையின் தடிமனை அளக்கப் பலரும் மறந்துவிடுவார்கள். 4 அங்குல இலவம்பஞ்சு மெத்தைக்குப் போதுமான போர்வை, 8 அங்குல ஸ்பிரிங் மெத்தையின் மேல் பக்கவாட்டில் குட்டையாகத் தொங்கும்.

எங்கள் வீட்டுக் கட்டிலில் உள்ள மெத்தை 78 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் 6 அங்குலத் தடிமனும் கொண்டது. இரு பக்கங்களிலும் கால்மாட்டிலும் 12 அங்குலம் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முடிந்த போர்வையின் அகலம் 84 அங்குலமும் நீளம் 90 அங்குலமும் ஆகின்றன. தலையணைகளையும் மூடி விரிக்க விரும்புவோர் நீளத்தில் மேலும் 12 அங்குலமாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். இருவர் ஒரே போர்வைக்குள் படுப்பவர்களானால், ஒருவர் புரளும்போது மற்றவரின் முதுகு வெளியே தெரியாதவாறு அகலத்தைத் தாராளமாகவே வைப்பது நல்லது. ஐயம் இருந்தால், வீட்டிலுள்ள பெரிய படுக்கை விரிப்பு ஒன்றை நீங்கள் நினைத்த அளவுக்கு மடித்து, ஓர் இரவு அதைப் போர்த்திப் படுத்துப் பாருங்கள். காகிதத்தில் போட்ட கணக்கு சரியா என்பது காலையில் தெரிந்துவிடும்.

மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும்போது துணி சற்று உள்வாங்கும்; முதல் சலவையில் பருத்தி மேலும் கொஞ்சம் சுருங்கும். ஆகவே 84-க்கு 90 வேண்டும் என்றால், மேல்துணி 88-க்கு 94 அங்குலமாக இருக்கட்டும். ஏற்கெனவே தைத்து வைத்திருக்கும் மேல்துணி சிறியதாக இருந்தால் கவலை வேண்டாம். நான்கு பக்கமும் ஒரே நிறத்தில் அகலமான கரை ஒன்றை இணைத்து அளவைக் கூட்டிவிடலாம். கரைத்துணியை வெட்டும்போது மேல்துணியின் ஓரத்தை அளக்காமல், அதன் நடுப்பகுதியில் குறுக்காக அளந்து அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். ஓரங்கள் கையாளும்போது இழுபட்டு நீண்டிருக்கும். அந்த நீளத்துக்கே கரையை வெட்டினால் போர்வையின் விளிம்பு அப்பளம் போல அலை அலையாக நிற்கும்.

அடித்துணியும் நடுவிரிப்பும்

அடித்துணி, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். நம் கணக்கில் அது 96-க்கு 102 அங்குலம். நடுவில் வரும் விரிப்பு ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக, 92-க்கு 98 அங்குலம் இருந்தால் போதும். இந்தக் கூடுதல் துணி வீண் அன்று. தைக்கத் தைக்க அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். அந்த நழுவலுக்கான இடம்தான் இது.

கடையில் 44 அங்குல அகலத்தில் கிடைக்கும் பருத்தித் துணியை வாங்கினால், 96 அங்குல நீளமுள்ள மூன்று துண்டுகளை வெட்டி, இணைப்புத் தையல் போர்வையின் குறுக்கே வருமாறு சேர்க்கலாம். துவைத்துச் சுருங்குவதற்கும் சேர்த்து 8 மீட்டர் வாங்கிவிடுங்கள். மூன்றாவது துண்டில் ஏறக்குறைய 25 அங்குல அகலம் மிஞ்சும். கடைசியில் ஓரங்களைச் சுற்றி மூடும் விளிம்புப் பட்டிக்கு அதுவே போதும் என்பதால் அதை வேறு எதற்கும் வெட்டாமல் எடுத்து வையுங்கள். இணைப்பே வேண்டாம் என்போர், 108-க்கு 108 அங்குலமாக விற்கும் பெரிய படுக்கை விரிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் மிக நெருக்கமாக நெய்த வழவழப்பான விரிப்புகளில் கைத்தையல் ஊசி எளிதில் இறங்காது. கையால் தைப்பதாக இருந்தால், கடையிலேயே குண்டூசி ஒன்றைக் குத்திப் பார்த்து, தயக்கமின்றி நுழையும் துணியையே வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடித்துணி, பலமுறை துவைத்து மென்மையான பருத்திச் சேலைதான். சேலையின் அகலம் ஏறக்குறைய 46 அங்குலம். ரவிக்கைத் துணி சேர்ந்த சேலையின் நீளம் சுமார் 6.2 மீட்டர். அதிலிருந்து 102 அங்குலத் துண்டுகள் இரண்டை வெட்டிப் பக்கம் பக்கமாக வைத்தால் 96 அங்குலத்துக்குச் சிறிது குறையும். மிஞ்சிய துணியில் 7 அங்குலப் பட்டைகளை வெட்டி நீளவாக்கில் இணைத்து, இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சேர்த்தால் அளவு சரியாகிவிடும். முந்தானையை இதற்கு ஒதுக்கினால் போர்வையின் பின்பக்கம் நடுவில் ஓர் அழகான கோடும் கிடைக்கும். வெட்டுவதற்கு முன் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகள் விழுந்த இடத்திலும், உட்கார்ந்து எழும் பகுதியிலும் இழைகள் நைந்திருக்கும். இரு கட்டைவிரல்களால் இழுத்தால் பிரியும் பகுதியை இரக்கமின்றி நீக்கிவிட வேண்டும்.

நடுவிரிப்பைப் பொறுத்தவரை, நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. சென்னையிலோ திருச்சியிலோ இருப்பவருக்குப் பஞ்சு தேவையே இல்லை. ஜெய்ப்பூரின் தோஹர் போர்வைகளில் மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி மூன்று அடுக்காக இருக்கும், வேறு எதுவும் இருக்காது; அதைப் போல இரண்டு துணிகளுக்கு நடுவே மெல்லிய மல்மல் ஒன்றை வைத்தால் மின்விசிறிக் காற்றுக்கும் குளிர்சாதன அறைக்கும் போதுமானது. பெங்களூரு, கோவை போன்ற ஊர்களில் மெல்லிய பருத்தி ஃபிளானல் துணி பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் பஞ்சு விரிப்பு வேண்டும். பாலியெஸ்டர் விரிப்பு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் விற்கப்படுகிறது. 100 கிராம் விரிப்பே கைத்தையலுக்கு ஏற்றது, 200 கிராமுக்கு மேல் போனால் ஊசி திணறும். பஞ்சு கொட்டுபவரிடம் வாங்கும் உதிரிப் பஞ்சை இந்த வகைப் போர்வைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மிக நெருக்கமாகத் தைத்தாலன்றி அது உள்ளே இடம்பெயர்ந்து கட்டி கட்டியாகச் சேரும். வீட்டில் துவைக்கவும் முடியாது.

எந்தத் துணியாக இருந்தாலும் தைப்பதற்கு முன் துவைத்துவிடுங்கள். என் முதல் போர்வைக்கு வாங்கிய மெரூன் நிற அடித்துணியைச் சாயம் போகாது என்று உறுதி சொல்லியே கடையில் கொடுத்தார்கள். நானும் துவைக்காமல் தைத்தேன். முதல் சலவையிலேயே மேல்துணியின் வெள்ளைக் கட்டங்கள் அனைத்தும் வெளிறிய சிவப்பாயின. மூன்று மாதக் கைவேலையை வாளிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. உப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணித்துண்டை அடர்நிறத் துணியின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், அது ஒட்டாமல் நிற்கும் வரை அந்தத் துணியைத் தனியாக அலசிக்கொண்டே இருங்கள். சுங்குடி போன்ற சாயமிட்ட துணிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

மேல்துணியைச் சரிபார்த்தல்

மேல்துணியைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் தொங்கும் நூல்களை எல்லாம் வெட்டுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கும் ஒரே ஒரு கருப்பு நூல், தைத்து முடித்த பின் முடி விழுந்தது போல வெளியே தெரியும். அப்போது அதை எடுக்க வழியில்லை. பிரிந்த இணைப்புகளை இப்போதே தைத்துவிட்டு, முழுவதையும் இஸ்திரி போடுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் அரை அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் துணி கோணவில்லை என்று கொள்ளலாம்.

தையல் கோடுகளைக் குறிக்கவும் இதுவே நேரம். தேய்ந்து மெலிந்த வெள்ளைச் சோப்புத் துண்டு அடர்நிறங்களில் நன்றாக எழுதும், முதல் சலவையில் மறைந்தும் விடும். வெளிர்நிறங்களுக்குத் தையல் சாக்குக்கட்டி போதும். நீரில் அழியும் நீலப் பேனாவைப் பயன்படுத்துவோர் அதன் மேல் இஸ்திரி போட்டுவிடக் கூடாது. சூடுபட்ட கோடு பிறகு அழியாமல் நின்றுவிடும்.

மூன்று அடுக்குகளை விரித்துச் சேர்த்தல்

இந்த வேலையின் வெற்றி தோல்வி முழுவதும் இந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. இன்று அவசரப்பட்டு விட்டுவிட்ட ஒரு சுருக்கத்தை, பின்னால் எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் மறைக்க முடியாது.

கூடத்தில் இருக்கும் நாற்காலிகளை நகர்த்தித் தரையைத் துடைத்து முழுமையாகக் காயவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் பஞ்சு விரிப்பின் ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்குமாறு விரித்து, டைல்ஸ் பதித்த தரையாக இருந்தால் துணியின் ஓரத்தை டைல்ஸ் இடைக்கோட்டுடன் ஒட்டி நிறுத்துங்கள். நேர்க்கோடு போட இதைவிட நல்ல அளவுகோல் வீட்டில் கிடைக்காது. அகலமான காகித ஒட்டுநாடாவால் முதலில் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும், பிறகு மூலைகளையும், பிறகு இடைப்பட்ட இடங்களையும் தரையோடு ஒட்டுங்கள். துணி தட்டையாக இருக்க வேண்டும், இழுபட்டு விறைப்பாக இருக்கக் கூடாது. விறைப்பாக இழுத்து ஒட்டினால், நாடாவை எடுத்த உடனே அடித்துணி சுருங்கி, மேல்துணியில் மடிப்புகள் எழும்.

அடுத்து நடுவிரிப்பை நான்காக மடித்து, அதன் நடுமுனையை அடித்துணியின் நடுவில் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவி விடுங்கள். மேல்துணியையும் அதேபோல நான்காக மடித்து நடுவிலிருந்து திறக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கும் எதிர்ப்பக்கம் பிடிக்க ஒருவர் இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

இனி நூலோட்டம், அதாவது அடுக்குகள் நழுவாமல் பிடித்து வைக்கும் தற்காலிகத் தையல். இயந்திரத்தில் தைப்போர் ஊக்குகளைக் குத்தலாம். ஆனால் இந்த அளவுள்ள போர்வையில் 4 அங்குலத்துக்கு ஒன்று என்று குத்தினால் 500-க்கு மேற்பட்ட ஊக்குகள் வேண்டும். கையால் தைப்போருக்கு ஊக்குகள் இடைஞ்சல். நூலைச் சுற்றி மாட்டிக்கொண்டே இருக்கும். நீளமான ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, நடுவிலிருந்து தொடங்கி நான்கு திசைகளிலும், பிறகு நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் போர்வை முழுவதும், 2 அங்குல நீளத் தையல்களாக ஓட்டுங்கள். நிற நூல் வேண்டாம். அதன் சாயம் துணியில் தங்கக்கூடும். தரையோடு கிடக்கும் துணியில் ஊசியின் முனையைத் தூக்குவதுதான் விரல்களுக்குப் பெரிய தொல்லை. இடது கையில் ஒரு ஸ்டீல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, ஊசியின் முனை துணிக்கு மேலே எட்டிப் பார்க்கும் இடத்தில் கரண்டியின் விளிம்பை அழுத்துங்கள்; முனை அதன் மீது ஏறித் தானாக மேலே வந்துவிடும். முழங்காலுக்குக் கீழே தலையணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஒரே நாளில் முடியவில்லை என்றால், ஓட்டிய பகுதியைச் சுருட்டி வைத்து மறுநாள் தொடர்வதில் தவறில்லை.

அடுக்குத் தையல்

வங்காளத்தின் காந்தா போர்வைகளில் பழைய சேலைகளை அடுக்கி, பஞ்சே இல்லாமல், எளிய ஓட்டுத் தையலால் மட்டுமே அவற்றை ஒன்றாக்குகிறார்கள். கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி போர்வையில் முறையே வேறு. அடித்துணியை விரித்து அதன் ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்கிறார்கள். துண்டுகளைப் பொருத்துவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் அங்கே ஒரே தையலில் நடப்பதால், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த இரண்டாம் கட்டம் அவர்களுக்குத் தனியாக இல்லை. இரண்டு மரபுகளுமே புதியவருக்குக் காட்டுவது ஒன்றுதான்: சிக்கலான கோலங்கள் தேவையில்லை, சீரான ஓட்டுத் தையல் போதும். ஆனால் நாம் மேல்துணியை முன்பே முடித்துவிட்டதால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியே தைக்க வேண்டும். அப்போதுதான் நகரும் துணி வெளியே தள்ளப்படும். ஓரத்திலிருந்து தொடங்கினால் அது நடுவில் வந்து குவிந்துவிடும்.

முதல் போர்வைக்கு 3 அங்குல இடைவெளியில் நேர்க்கோடுகளைப் பரிந்துரைக்கிறேன். 88 அங்குல அகலத்துக்கு ஏறத்தாழ 29 கோடுகள் வரும். ஒவ்வொன்றும் 94 அங்குலம் என்றால், மொத்தத் தையலின் நீளம் சுமார் 70 மீட்டர். பருமனான நூலும் பெரிய தையலுமாக ஒரு மணி நேரத்தில் 100 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக என்னால் தைக்க முடிகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடியும் வேலை இது. புதியவருக்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம். கோடுகளின் எண்ணிக்கையைக் குறித்து வைத்து, தைத்து முடித்தவற்றை அடித்துக்கொண்டே வந்தால் மலைப்பு குறையும். பேர்ல் காட்டன் என்ற பருமனான முறுக்கு நூலில் 8-ஆம் எண் உண்டைகள் இரண்டு இருந்தால் போதும். அது கிடைக்காத இடத்தில் எம்பிராய்டரி நூலின் ஆறு இழைகளில் மூன்றைப் பிரித்துப் பயன்படுத்துங்கள்.

தையல் போடும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான நீளத்துக்கு நூலை வெட்டுங்கள்; அதைவிட நீளமானால் சிக்கு விழும், துணிக்குள் போய் வந்து நூல் நையவும் செய்யும். முனையில் சிறு முடிச்சு போட்டு, தொடங்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணிக்குள் செலுத்துங்கள். ஊசி அடித்துணிவரை போகாமல் நடுவிரிப்பின் வழியாகவே நகர்ந்து, தையல் கோட்டில் மேலே வரட்டும். இப்போது நூலைச் சுண்டி இழுத்தால், முடிச்சு ‘டப்’ என்ற மெல்லிய ஓசையுடன் மேல்துணியைத் தாண்டி உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் முடிச்சே தெரியாது. ஒரு கை துணிக்கு அடியில் இருக்கட்டும். ஊசியின் முனை அந்தக் கையின் விரல் நுனியைத் தொட்டதை உணர்ந்தவுடன், அதே விரலால் துணியைச் சற்று மேலே தள்ளி, ஊசியைச் சாய்த்து முனையை மேலே கொண்டுவாருங்கள். இப்படி மூன்று நான்கு தையல்களை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் நூலை இழுக்கலாம். ஓர் அங்குலத்துக்கு மூன்று அல்லது நான்கு தையல்கள் வந்தால் போதுமானது. தையல் சிறியதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. மேலே தெரியும் தையலைப் போலவே பின்பக்கத்திலும் தெரிகிறதா என்று முதல் கோட்டிலேயே புரட்டிப் பார்த்துவிடுங்கள். ஊசியைத் தள்ளும் நடுவிரலில் அங்குஸ்தான் என்ற விரலுறை அணியாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இரண்டாம் நாளே விரல் புண்ணாகும்.

துணியை விரித்துப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டித் தைப்போர் துணியைப் பறை போல இறுக்கக் கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் சற்றுக் குழிய வேண்டும், அப்போதுதான் ஊசியைச் சாய்க்க இடம் இருக்கும். அன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். போர்வையின் எடை கீழே தொங்கினால் தோள்பட்டை வலி தப்பாது என்பதால், சாப்பாட்டு மேசையிலோ கட்டிலின் மேலோ எடை முழுவதும் படியுமாறு உட்கார்ந்து தையுங்கள்.

இயந்திரத்தில் தைக்க முடியும். ஆனால் வீட்டு இயந்திரத்தின் கைப்பகுதிக்கும் ஊசிக்கும் இடையே உள்ள சிறிய இடைவெளியில் பாதிப் போர்வையைச் சுருட்டி நுழைக்க வேண்டியிருக்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டி, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மேல் வைத்து, நடுக்கோட்டிலிருந்து ஒரு பாதியை முதலிலும் மறுபாதியைப் பிறகும் தையுங்கள். இயந்திரத்தின் இடப்புறமும் பின்புறமும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு எடையைத் தாங்கவிடுவது அவசியம். துணி கீழே விழுந்து இழுத்தால் கோடு வளையும், ஊசியும் உடையும்.

விளிம்பு

தையல் முடிந்ததும் வெளியே நிற்கும் அடித்துணியையும் நடுவிரிப்பையும் மேல்துணியின் ஓரத்தோடு ஒட்ட வெட்ட வேண்டும். மீண்டும் தரையில் விரித்து, மூலைகளை டைல்ஸ் கோட்டோடு ஒப்பிட்டு, நேராகக் கோடு போட்ட பிறகே கத்தரியுங்கள். வெட்டும் பகுதிக்கு அடியில் போர்வை மடிந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறை கத்தரிக்கோலை நகர்த்தும்போதும் கையை விட்டுப் பாருங்கள்.

இப்போது போர்வை ஏறத்தாழ 86-க்கு 92 அங்குலம் இருக்கும் என்றால் சுற்றளவு 356 அங்குலம். மூலைகளுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 370 அங்குலப் பட்டி தேவை. 96 அங்குல நீளத்தில் மிஞ்சி வைத்த அடித்துணியிலிருந்து இரண்டரை அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளை வெட்டினால் ஏறக்குறைய சரியாக வரும். ஐந்தாவது ஒன்றையும் வெட்டி வைத்துக்கொண்டால் நிம்மதி. பட்டைகளை நேராக இணைக்காமல் சாய்வாக இணைத்தால் இணைப்பின் தடிப்பு ஒரே இடத்தில் குவியாது. முழுப் பட்டியையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். இந்த இரட்டை மடிப்பு முக்கியமானது, ஏனெனில் போர்வையில் முதலில் நைவது விளிம்புதான். அதிலும் கழுத்துக்கும் தாடைக்கும் அருகே வரும் தலைமாட்டு விளிம்பு. பருத்திச் சேலையின் கரையைப் பட்டியாக வைப்பதும் அழகாகவே இருக்கும், ஆனால் சரிகை கலந்த கரையைத் தவிர்த்துவிடுங்கள். இரவெல்லாம் கழுத்தில் உராயும்.

பட்டியின் மடிக்காத ஓரங்கள் போர்வையின் ஓரத்தோடு ஒட்டுமாறு முன்பக்கத்தில் வைத்து, ஏதேனும் ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, தொடக்கத்தில் 8 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடியுங்கள்; பிறகு அதையே கீழ்நோக்கி, அடுத்த பக்கத்தின் ஓரத்தோடு சேருமாறு மடித்து, விளிம்பிலிருந்தே அடுத்த பக்கத் தையலைத் தொடங்குங்கள். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகவே படச்சட்டத்தின் மூலை போலக் கூராக அமைந்துவிடும். முதல் முறை இது குழப்பமாகத் தோன்றும். ஆகவே கைக்குட்டை அளவுள்ள பழந்துணியில் ஒரு மூலையைச் செய்து பார்த்துவிட்டுப் போர்வைக்கு வாருங்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் இரு முனைகளையும் அளந்து இணைத்து, மீதியைத் தைத்து மூடுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, அதன் மடிப்பு முதல் தையலை மறைக்குமாறு வைத்து, பட்டியின் நிறத்தை ஒத்த நூலால் நெருக்கமாகக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மூன்று நான்கு மாலைகளில் முடிந்துவிடும்.

பின்பக்க மூலை ஒன்றில், ஒரு சிறு துணியில் உங்கள் பெயர், ஊர், முடித்த ஆண்டு ஆகியவற்றைச் சங்கிலித் தையலில் போட்டுத் தைத்துவிடுங்கள்.

முதல் சலவையும் பிறகும்

நூலோட்டத்தை முழுவதும் பிரித்தெடுத்த பின், குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புத்தூளுடன், வேறு துணிகள் எதையும் சேர்க்காமல் துவையுங்கள். இயந்திரத்துக்குள் போர்வை தாராளமாகப் புரள இடம் இருந்தால் மட்டுமே அதில் போடலாம். திணிக்க வேண்டியிருந்தால் பெரிய தொட்டியில் காலால் மிதித்து அலசுவதே நல்லது. நனைந்த போர்வையைத் தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்காதீர்கள். நீரின் எடை முழுவதும் அந்த முனையின் தையல்களில் இறங்கி நூல் அறுந்துவிடும். இரு கைகளாலும் அள்ளிக் கூடையில் வைத்துத் தூக்குங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கவிடுவதும் அதே காரணத்தால் கூடாது. இரண்டு மூன்று கொடிகளுக்கு மேலாகப் பரப்பலாம். அல்லது மொட்டை மாடியில் பழைய விரிப்பைப் போட்டு, நிறம் வெளுக்காதவாறு பின்பக்கம் மேலே இருக்க விரித்துக் காயவைக்கலாம். காய்ந்து எடுக்கும்போது துணி லேசாகச் சுருங்கி, தையல்களுக்கு இடையே சின்னச் சின்ன மேடுகள் எழும்பியிருக்கும். இது குறை அன்று. இந்த வகைப் போர்வைக்கு இதுதான் இயல்பு.

பயன்படுத்தாத மாதங்களில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல், பழைய தலையணை உறைக்குள் வசம்புத் துண்டு ஒன்றோடு வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட்டில் மடித்தால் ஒரே மடிப்பில் இழை நைவதைத் தவிர்க்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, அறுந்த தையல் இருந்தால் அதன் இருபுறமும் ஓர் அங்குலம் கூடுதலாக எடுத்து, முடிச்சை உள்ளே மறைத்து மீண்டும் தைத்துவிடுங்கள். இதற்காகவே அதே நூலுண்டையில் கொஞ்சத்தையும், பட்டித் துணியில் ஒரு முழத்தையும் அந்தத் தலையணை உறைக்குள் போட்டு வைத்திருப்பது என் வழக்கம்.